மூக்கு போன வழி

1830-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் லூசியானாவில் வாஷிட்டா ஆற்றங்கரை மண்மேடு ஒன்று மழையில் ஊறிச் சரிந்தது. சரிந்த இடத்தில் எலும்புகள் வெளியே தெரிந்தன. ஒன்றையொன்று தொட்டபடி இருபத்தெட்டு முதுகெலும்புகள், ஒவ்வொன்றும் வெட்டிப் போட்ட மரத்தடியைப் போலக் கனத்தது. ஹென்றி பிரை என்ற நீதிபதி அவற்றில் சிலவற்றைப் பொதிந்து பிலடெல்பியாவுக்கு அனுப்பி வைத்தார். அங்கே ரிச்சர்ட் ஹார்லன் என்ற மருத்துவர் அவற்றைப் பார்த்து அசந்துபோனார். இத்தனை பெரிய முதுகெலும்பு உள்ள பிராணி கடலில் வாழ்ந்த ராட்சதப் பல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, 1834-ல் அதற்கு ‘பேசிலோசாரஸ்’ என்று பெயரிட்டார். பல்லிகளின் அரசன் என்று பொருள். அந்தப் பெயர் ஐந்தே வருடத்தில் தவறாகிப் போனது.

அலபாமாவிலும் அதே பிராணியின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கே உழவர்கள் அவற்றை அடுப்பில் விறகு தாங்கவும், வீட்டுக்கு முட்டுக் கொடுக்கவும் பயன்படுத்தினார்கள். அப்படிக் கிடைத்தவற்றில் தாடையும் பற்களும் இருந்தன. ஹார்லன் அவற்றைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1839-ல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூற்று அறிஞர் ஒரு பல்லை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தார். கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்கள் இருந்தன. பல்லிக்கோ முதலைக்கோ அப்படி இருக்காது. பாலூட்டிக்குத்தான் இருக்கும். பல்லிகளின் அரசன் பல்லியே இல்லை, அது ஒரு திமிங்கிலம் என்றார் ஓவன். ஹார்லன் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். ஆனால் முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது உயிரியலின் சட்டம். அதனால் ஒரு திமிங்கிலம் இன்றுவரை பல்லியின் பெயரைச் சுமக்கிறது. அதன் மண்டையோட்டில் இன்னொரு விசித்திரம் இருந்தது. அதைத் துருவிப் பார்ப்பதற்கு முன்பு ஒரு வித்தைக்காரர் உள்ளே புகுந்துவிட்டார்.

அவர் பெயர் ஆல்பர்ட் கோக். 1845-ல் அலபாமா முழுக்கச் சுற்றிப் பேசிலோசாரஸ் எலும்புகளைச் சேகரித்தார். பல விலங்குகளின் முதுகெலும்புகளை ஒரே சங்கிலியாகக் கோத்து, 114 அடி நீளத்துக்கு ஓர் எலும்புக்கூட்டை வளைத்து நெளித்து நிறுத்தினார். நியூயார்க்கின் பிராட்வேயில் தலைக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டு அதைக் கடல்நாகம் என்று காட்டினார். ஜனம் அலைமோதியது. ஜெஃப்ரிஸ் வைமன் என்ற உடற்கூற்று அறிஞர் வந்து பார்த்து, இது ஒரு பிராணியின் எலும்பு அல்ல, பல பிராணிகளின் எலும்பு, அதுவும் பாலூட்டியின் எலும்பு என்று பகிரங்கமாகச் சொன்னார். கோக் மூட்டை கட்டி ஐரோப்பாவுக்குப் போனார். பிரஷ்யாவின் அரசர் அதை விலை கொடுத்து வாங்கினார். பாம்பைப் பார்க்க வந்த கூட்டம் பாம்பைப் பார்த்துவிட்டுப் போயிற்று. மண்டையோட்டின் விசித்திரம் அப்படியே காத்திருந்தது. பேசிலோசாரஸின் மூக்குத் துளை முகத்தின் நுனியில் இல்லை, உச்சியிலும் இல்லை, நுனியிலிருந்து பின்தள்ளி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அந்த நடுவழி மூக்கு எங்கிருந்து கிளம்பியது, எங்கே போய்க்கொண்டிருந்தது?

1859-ல் டார்வின் ஒரு பதில் சொல்லப் பார்த்தார். வட அமெரிக்காவில் கருங்கரடி ஒன்று வாயை அகலத் திறந்து மணிக்கணக்கில் நீந்தி, நீரில் கிடந்த பூச்சிகளைப் பிடித்துத் தின்றதாக ஒரு பயணி எழுதியிருந்தார். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு, இப்படியொரு கரடிக் குலம் தலைமுறை தலைமுறையாக நீருக்கு ஒத்துப்போனால் திமிங்கிலம் போன்ற ஒன்று உருவாவதில் தமக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை என்று ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் பதிப்பில் எழுதினார். ஊரே கேலி செய்தது. அடுத்த பதிப்பிலேயே அவர் அந்த இடத்தைச் சுருக்கிவிட்டார். கரடி என்பது தவறுதான். நிலத்திலிருந்து நீருக்குப் போனது என்ற பாதி சரி. அந்தச் சரியான பாதிக்கு ஒரு துண்டு எலும்புகூடச் சாட்சிக்கு இல்லை.

மூக்கு ஏறிய முறையை முதலில் அழகாக விளக்கியவர் அமெரிக்காவின் கெரிட் மில்லர். 1923-ல் அவர் பலவகைத் திமிங்கிலங்களின் மண்டையோடுகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டார். சாதாரண விலங்கின் மண்டையில் எலும்புகள் விளிம்போடு விளிம்பு பொருந்தி அருகருகே நிற்கும். திமிங்கிலத்தின் மண்டையில் முன்னெலும்புகள் பின்னோக்கி நீண்டு மற்ற எலும்புகளின் மேலும் அடியிலும் சொருகிக்கொண்டிருந்தன. மடக்குத் தொலைநோக்கியின் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதைப் போல என்று அவர் அதை வர்ணித்தார். தாடை முன்னால் நீண்டது, மண்டை பின்னால் ஒடுங்கியது, நடுவில் மாட்டிய மூக்கு மேலே போனது. பேசிலோசாரஸில் இந்தச் சொருகல் இன்னும் தொடங்கவில்லை. இன்றைய திமிங்கிலத்தில் முடிந்துவிட்டது. இடைப்பட்ட படிகளைக் காட்டும் எலும்புகள் வேண்டியிருந்தன. அவற்றில் ஒன்று, பட்டம் எதுவும் இல்லாத ஓர் இளைஞனுக்காக ஓரிகன் கடற்கரையில் காத்துக்கிடந்தது.

டக்ளஸ் எம்லாங் சின்ன வயதிலிருந்தே அந்தக் கடற்கரையில் திரிந்தவர். புயல் அடித்து ஓய்ந்ததும், அலை அரித்த செங்குத்துப் பாறைகளில் புதிதாக என்ன வெளிப்பட்டிருக்கிறது என்று தேடிப் போவார். அப்படிக் கிடைத்த ஒரு மண்டையோட்டை 1966-ல், இருபதுகளின் நடுவில், தாமே ஆராய்ந்து எழுதி ‘ஏட்டியோசீட்டஸ்’ என்று பெயரும் வைத்தார். சுமார் 2.5 கோடி ஆண்டுப் பழமையானது. வாய் நிறையப் பல். ஆனால் மண்டையின் அமைப்போ, இன்று பல்லே இல்லாமல் சல்லடை போன்ற தகடுகளால் இரையை வடிகட்டும் நீலத் திமிங்கிலக் குலத்தோடு பொருந்தியது. மூக்கு? நுனிக்கும் நெற்றிக்கும் நடுவில், பாதி வழியில். பல்கலைக்கழகங்கள் தேடியதை அவர் அலையடித்த பாறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 1980-ல் ஒரு கடலோரப் பாறையிலிருந்து விழுந்து இறந்தபோது அவருக்கு நாற்பதுகூட நிறையவில்லை. பாதி வழி தெரிந்துவிட்டது. புறப்பட்ட இடம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அதே காலத்தில் பாகிஸ்தானில் ஃபிலிப் ஜிஞ்சரிச் என்ற தொல்லுயிரியலாளர் தேடிக்கொண்டிருந்தது திமிங்கிலத்தை அல்ல, நிலத்தில் வாழ்ந்த பழைய பாலூட்டிகளை. 1977-ல் அவர் குழுவுக்குச் சில இடுப்பெலும்புகள் கிடைத்தன. பாறையோ கடலடிப் பாறை. இடுப்பெலும்போ கால் தாங்கும் எலும்பு. நடக்கிற திமிங்கிலமாக இருக்குமோ என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். இரண்டே வருடத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. 1979-ல் கோஹாட் பகுதியின் செம்பாறையில் ஒரு மண்டையோடு அகப்பட்டது. ஓநாய்த் தலை அளவுதான் இருக்கும். ஆற்றங்கரைப் படிவு, கூடவே கிடந்ததெல்லாம் நிலத்துப் பிராணிகள். மண்ணை நீக்கிக் காதுப் பகுதியைப் பார்த்தபோதுதான் ஆச்சரியம். காதெலும்பின் உட்சுவர் ஒரு பக்கம் கொழுக்கட்டை போலத் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கிலத்துக்கும் ஓங்கில் எனும் டால்பினுக்கும் மட்டுமே உண்டு என்று அன்றைக்கு நம்பினார்கள்.

1981-ல் அதற்குப் ‘பாக்கிசீட்டஸ்’ என்று பெயர் வந்தது. சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையானது. திமிங்கிலத்தின் காது, ஓநாயின் முகவெட்டு. மூக்கோ நாய்க்கும் நரிக்கும் இருப்பது போல முகத்தின் நுனியிலேயே இருந்தது. புறப்பட்ட இடம் கிடைத்துவிட்டது. தலை மட்டும் கிடைத்ததால் ஓவியர்கள் அதை நீந்தும் பிராணியாகவே வரைந்தார்கள். கழுத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று சொல்ல இன்னும் இருபது வருடம் ஆயிற்று.

இடையில் 1989-ல் ஜிஞ்சரிச் எகிப்தின் பாலைவனத்துக்குப் போனார். இன்று வாடி அல்-ஹிதான், திமிங்கிலங்களின் பள்ளத்தாக்கு என்று உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் இடம். மணலில் நூற்றுக்கணக்கில் கிடந்தன பழைய திமிங்கிலங்கள். ஹார்லனின் பல்லி அரசன் அங்கேயும் இருந்தது. முதுகெலும்பைத் தொடர்ந்து பொறுமையாகத் தோண்டியபோது வாலுக்குச் சற்று முன்னால், முழங்காலும் பாதமும் விரலுமாக, குட்டிப் பின்னங்கால்கள். பதினைந்து மீட்டருக்கு மேல் நீண்ட உடம்பில், மிகக் குட்டையான கால். நிற்க உதவாத கால். கோக் காசு வாங்கிக் காட்டிய கடல்நாகத்துக்குக் கால் இருந்தது என்ற செய்தி 1990-ல் அச்சேறியது.

ஹான்ஸ் தேவிஸன் என்ற இன்னொரு தொல்லுயிரியலாளர் இந்தக் கதைக்குள் வந்தது 1991-ல். பாகிஸ்தானில் முதல்முறை தோண்டத் தொடங்கிய கையோடு வளைகுடாப் போர் மூண்டு, பயணம் பாதியில் நின்றது. அடுத்த வருடம் மறுபடி போனார். பஞ்சாபின் காலா சிட்டா குன்றுகளில் முதலை போல நீண்டு, கடற்சிங்கம் போலப் பெரிய பாதங்கள் கொண்ட ஒரு பிராணி கிடைத்தது. நடக்கவும் தெரியும், நீந்தவும் தெரியும். 1994-ல் ‘ஆம்புலோசீட்டஸ்’ என்று பெயரிட்டார். நடக்கும் திமிங்கிலம். 1977-ன் கேலிப்பேச்சு பெயராகவே அச்சில் ஏறியது. ஆனால் இந்த நடக்கும் திமிங்கிலங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதில்தான் பெரிய சண்டை வெடித்தது.

எலும்பு ஆய்வாளர்கள் ஒரு பக்கம். ஓநாய் மாதிரி இருந்து அழிந்துபோன, குளம்புள்ள ஊனுண்ணிகள்தாம் திமிங்கிலத்தின் முன்னோர் என்றார்கள். பல்லின் ஒற்றுமை அவர்கள் சாட்சி. ஜிஞ்சரிச்சும் அந்தப் பக்கமே நின்றார். மரபணு ஆய்வாளர்கள் மறுபக்கம். நீர்யானைதான் திமிங்கிலத்தின் நெருங்கிய சொந்தம் என்று 1990-கள் முழுக்கச் சாதித்தார்கள். தீர்ப்பு சொன்னது ஒரு கணுக்கால் எலும்பு. ஆட்டுக்கால் கழுவியவர்களின் கைக்கு அது நன்றாகத் தெரியும். கணுவில் உருண்டையாக, மேலும் கீழும் கிணற்றுக் கப்பி மாதிரிப் பள்ளம் விழுந்த எலும்பு. ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை என்ற இரட்டைக் குளம்புக் கூட்டத்துக்கு மட்டுமே அந்த இரட்டைக் கப்பி உண்டு. 2001 செப்டம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன. தேவிஸன் பாக்கிசீட்டஸின் உடல் எலும்புகளைக் காட்டினார். ஜிஞ்சரிச் பலுசிஸ்தானில் கிடைத்த வேறு இரண்டு திமிங்கிலங்களின் கணுக்காலைக் காட்டினார். எல்லாவற்றிலும் இரட்டைக் கப்பி. ஜிஞ்சரிச் தாம் இத்தனை வருடம் நம்பியதைத் தம் கையாலேயே கைவிட்டார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். திமிங்கிலம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உறவு. ஆனால் நீரோரம் வந்து முதலில் கால் நனைத்த சொந்தக்காரர் யார்?

அதற்கான விடை அப்போது டேராடூனில் ஒரு வீட்டில், உடைக்கப்படாத கற்களுக்குள் இருந்தது. ஏ. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் ஜம்மு பகுதியின் காலாகோட்டில் திரட்டிய கற்கள் அவை. அங்கே கிடைத்த ஒரு சிறு பிராணிக்கு 1971-லேயே ‘இந்தோஹியஸ்’ என்று பெயரிட்டிருந்தார். அவர் கையில் இருந்தவை சில பற்களும் தாடைத் துண்டுகளும்தான். மீதிக் கற்களை உடைத்து முடிப்பதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது. அவற்றை அவர் மனைவி யாருக்கும் தராமல் வருடக்கணக்கில் காத்தார். எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட கல்மூட்டை எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். அந்த அம்மாள் கடைசியில் அவற்றைத் தேவிஸனிடம் ஒப்படைத்தார்.

அமெரிக்காவில் தேவிஸனின் ஆய்வுக்கூடத்தில் கற்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கப்பட்டன, செதுக்கப்பட்டன. ஒருநாள் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது உதவியாளரின் கை தவறியது. காதுப் பகுதி பட்டென்று உடைந்து தனியே வந்துவிட்டது. 4.8 கோடி ஆண்டு தாங்கிய எலும்பு ஒரு நொடியில் இரண்டாயிற்று. ஒட்டவைக்க எடுத்த தேவிஸன், உடைந்த பரப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். காதெலும்பின் உட்சுவர், கொழுக்கட்டை போலத் தடித்திருந்தது.

திமிங்கிலத்துக்கு மட்டுமே உண்டு என்று நம்பப்பட்ட அந்தத் தடிப்பு, பூனையைவிடச் சற்றுப் பெரிய, மெல்லிய கால்களுள்ள ஒரு குளம்புப் பிராணியின் காதில் இருந்தது. அந்தக் கை தவறியிருக்காவிட்டால் அது மண்டைக்குள்ளேயே மறைந்திருக்கும். கால் எலும்புகளை அறுத்துப் பார்த்தார்கள். நீர்யானைக்கு உள்ளது போலச் சுவர் கனத்து, நீரில் மிதந்து எழாமல் அமிழ்ந்து நடக்கத் தோதாக இருந்தன. 2007 டிசம்பரில் சுனில் பாஜ்பாய் உள்ளிட்டோருடன் சேர்ந்து தேவிஸன் இதை வெளியிட்டார். உருவத்தில் அதற்கு மிக நெருக்கமாக இன்று இருப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இலைச் சருகோடு சருகாகப் பதுங்கும் சருகுமான். ஆப்பிரிக்காவில் வாழும் சருகுமான் ஒன்று, தலைக்கு மேல் கழுகு வட்டமிட்டால் ஓடிப்போய் ஆற்றுக்குள் முங்கிக்கொள்ளும். இந்தோஹியஸ் திமிங்கிலத்துக்கு நேர்ப்பாட்டன் அல்ல, ஒன்றுவிட்ட சொந்தம். ஆனால் பயந்து நீரில் முங்கிய ஒரு சின்னக் குளம்புக் குடும்பத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. முங்கினால் மூச்சுக்கு மேலே வரத்தான் வேண்டும். அங்கேதான் மூக்கு நகர ஆரம்பித்தது.

நுனியில் மூக்குள்ள பிராணி மூச்சுவிட முகத்தையே நீருக்கு மேலே தூக்க வேண்டும். தலை நிமிர்ந்தால் உடம்பு தாழும், நீச்சல் தடைப்படும். மூக்கு விரலளவு பின்னால் தள்ளியிருந்த குட்டிக்கு அந்த அளவு சிரமம் குறைந்தது. அதன் குட்டிகள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தன. இப்படியே தலைமுறை தலைமுறையாகப் பாக்கிசீட்டஸின் நுனியிலிருந்து பேசிலோசாரஸின் நடுமுகத்துக்கும், ஏட்டியோசீட்டஸைத் தாண்டியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மூக்கு ஊர்ந்தது. வழியில் வாய்க்கும் மூச்சுக்குமான தொடர்பே அறுந்தது. வாய் இரைக்கு, மூக்கு காற்றுக்கு. மனித மூக்கு எப்போதும் திறந்தே கிடப்பது. இந்த மூக்கோ தசை இழுத்தால் மட்டும் திறந்து, விட்டால் தானே மூடிக்கொள்ளக் கற்றது. கடைசியில் உச்சந்தலைக்குப் போய்ச் சேர்ந்தது.

திமிங்கிலம் வரையச் சொன்னால் எந்தக் குழந்தையும் தலைமேல் ஒரு நீரூற்றையும் சேர்த்து வரைந்துவிடும். அந்த ஊற்று வெளிவரும் துளைதான் மூக்கு போய்ச் சேர்ந்த இடம். அந்த ஊற்று வெறும் நீர் அல்ல. நுரையீரலில் சூடேறிய மூச்சு குளிர்ந்த காற்றில் பட்டு நீர்த்துளிகளாகத் திரண்டு, மேலே தேங்கிய கொஞ்சம் நீரையும் சிதறடிக்கிறது. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு அப்படி ஒன்பது மீட்டருக்கு மேல் எழும். அந்தக் குலத்துக்குத் துளை இரண்டு, நம் மூக்கைப் போல. ஓங்கிலும் பல் திமிங்கிலங்களும் ஒன்றைத்தான் வெளியே காட்டும். உள்ளே இருக்கும் மூக்கு வழிகள் மூச்சுக்கு மட்டுமன்றி ஓசை எழுப்பவும் உதவுகின்றன. ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘ப்ளோஹோல்’, ஊதும் துளை. அலை அடியில் மோதும்போது மேலே நீரைப் பீய்ச்சும் கடற்கரைப் பாறைப் பொந்துக்கும் அதே பெயர்தான். 1797-ல் ஜார்ஜ் பாஸ் ஆஸ்திரேலியாவின் கயாமாவில் பார்த்து எழுதியது அப்படியொன்று. கோவை வார்ப்படக் கூடங்களில் உருக்கிய இரும்பில் காற்று மாட்டிக்கொண்டு குழி விழுந்தாலும் ‘ப்ளோஹோல்’ என்றுதான் சொல்கிறார்கள். பாறையிலும் இரும்பிலும் அது காற்று செய்த துளை. திமிங்கிலத்தின் தலையில் அது காற்றைத் தேடிப்போன மூக்கு.

அந்தப் பயணத்தின் சுவடு கல்லில் மட்டும் இல்லை. புள்ளி ஓங்கிலின் கரு தாயின் வயிற்றில் உருவாகத் தொடங்கும்போது, அதன் மூக்கு நாய்க்குட்டிக்கும் மனிதக் குழந்தைக்கும் போல முகத்தின் முன்னால்தான் முளைக்கிறது. வாரங்கள் செல்லச் செல்ல மெல்ல ஏறி உச்சிக்குப் போகிறது. ஓங்கிலும் சல்லடைத் திமிங்கிலமும் ஒரே இடத்தை வேறு வேறு வழியில் வந்தடைகின்றன என்று அண்மைக் கரு ஆய்வு ஒன்று காட்டியது. மண்டையை மடக்குத் தொலைநோக்கிக்கு ஒப்பிட்டு மில்லர் விவரித்து ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருந்தது.

2016 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு கடற்கரையை ஒட்டி எண்பதுக்கும் மேற்பட்ட குட்டைத் துடுப்புத் திமிங்கிலங்கள் கரையேறின. 1973 ஜனவரியிலும் அதே கரையில் 147 ஒதுங்கியிருந்தன. 2016-ல் மீனவர்கள் இரவெல்லாம் அவற்றைக் கயிறு கட்டி இழுத்து, தள்ளிக் கடலில் விட்டார்கள். பல மறுபடியும் கரைக்கே திரும்பின. காற்றுக்குக் குறைவில்லை. நீர் தாங்காத உடம்பின் எடை அதன் நுரையீரலையே நசுக்கியது, வெயில் தோலைக் கொப்பளிக்க வைத்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவை செத்துப்போயின. உயிரோடு கிடந்தவற்றின் உச்சியில், பிறை போன்ற துளை, சில நொடிக்கு ஒருமுறை திறந்து, புஸ்ஸென்று சூடான மூச்சை மணலின் மேல் விட்டு, மூடிக்கொண்டிருந்தது.